நாலாம் நம்பர் பிரஸ்ஸில் தொங்கிய என் பூட்டு

ஸ்ரீ நரசிம்மர் துணை.

எழுதலாம் என்று பேனாவை எடுப்பேன். எடுத்த பேனாவை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவேன். ஒன்பது வருஷமாக இதுதான் நடந்தது. பெருமாளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஊருக்கு எதற்கு என்று ஒரு சமாதானம். பத்தாம் வகுப்பு ஃபெயிலானவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்று இன்னொரு சமாதானம். இரண்டும் பொய். பயம், அவ்வளவுதான்.

போன மாதம் நான் வேலை பார்த்த, கார் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பிலிருந்து சுகுணா போன் செய்தாள். நான் ரிட்டயர் ஆன பிறகு என் இடத்தில் டை செட்டராக இருக்கிற பெண்.

"அண்ணா, நாலாம் நம்பர்ல காத்து கருப்பு எதுனா கீதாணா? அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் கட்டலாம்னு லைன்ல பேசிக்கினு கீறாங்க."

"யாரும்மா சொன்னது?"

"பழைய ஆளுங்கதான். ஏகாம்பரம்னு ஒருத்தரு பூட்டு போடாம குழியில எறங்கினாராம். உள்ள இருந்தது அவரு கையைப் புடிச்சி இழுத்துச்சாம். அன்னிக்கி நீங்க பக்கத்துல இருந்தீங்களாமே. நீங்க பார்த்தீங்களாணா?"

பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அவள் கேட்டதற்குப் பதில்தான் இது.

இப்போது சேர்கிறவர்கள் டிப்ளமா முடித்துவிட்டு வருகிறார்கள். நான் சிங்கப்பெருமாள் கோவில்காரன். ஒரகடம் ரோட்டில் ஷெட்டுகள் ஒன்றொன்றாக எழும்பிய நாளில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் எண்ணெய் துடைத்தேன், இரண்டு வருஷம் தகடு தூக்கினேன், அதற்குப் பிறகு டை மாற்றக் கற்றுக்கொண்டேன். என் படிப்பு அத்தனைதான்.

டை என்றால் அச்சு. அதன் மேல்பாதி பிரஸ்ஸின் தலையில் தொங்கும், கீழ்ப்பாதி மேடையில் இருக்கும். நடுவில் தகட்டை வைத்தால் தலை இறங்கி அடிக்கும். கார் கதவின் உள்தகடு தயார். வெட்டுப்பட்ட துண்டுகள் மேடைக்குக் கீழே ஒரு குழிக்குள் விழும். குழியில் ஒரு பெல்ட் ஓடி அவற்றை வெளியே கொண்டுபோய்க் கொட்டும். மெயின் சுவிட்சைப் போட்டு ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் முதலில் ஓடுவது கீழே இருக்கிற அந்த பெல்ட்தான். அதற்குப் பிறகுதான் மேலே பிரஸ் தயாராகும்.

இரண்டு, மூன்று, நான்கு ஆகிய மூன்று பிரஸ்களுக்கும் டை செட்டர் நான். எனக்கு ஹெல்ப்பர் ஏகாம்பரம். என்னைவிட ஒரு வயது மூத்தவன். கையெழுத்துப் போடுவதோடு படிப்பு நின்றுபோனதால் ஹெல்ப்பராகவே இருந்தான். ஆப்பூரில் வீடு. காலையில் ஷேர் ஆட்டோவில் நான் வந்துகொண்டிருப்பேன், அவன் நடுவழியில் ஏறுவான். ஏறியதும் என் நெற்றியைத்தான் பார்ப்பான்.

"வரதா, இன்னிக்கி நாமம் கோணலா கீது. பெருமாளே பாத்து சிரிச்சிருப்பாரு."

"உனக்கு இன்னாடா தெரியும், நீ சிவன் கோயில் ஆளு."

"அதான் சொல்றேன். எங்களுக்குப் பட்டை. கோணவே கோணாது."

குழியில் தகடு அடைத்துக்கொண்டால் ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். அதற்கு முறை இருக்கிறது. பிரஸ்ஸின் தலையை உச்சியில் நிறுத்தி முட்டு கொடுக்க வேண்டும். மெயினை அணைக்க வேண்டும். மெயின் கைப்பிடியில் நம்முடைய சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். பூட்டோடு ஒரு சிவப்பு அட்டை தொங்கும். அட்டையின் முன்பக்கம் நம் போட்டோ. பின்பக்கம் யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று நம் கையால் எழுத வேண்டும். சாவி நம் பையில் இருக்க வேண்டும். அப்புறம் ஸ்டார்ட்டை ஒரு தடவை அமுக்கி, ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்குகிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பூட்டு தொங்க வேண்டும்.

கடைசியில் சொன்னதை மட்டும் நாங்கள் செய்வதில்லை. மெயின் இருப்பது பிரஸ்ஸின் முன்பக்கம். குழியின் வாய் பின்பக்கம். ஹெல்ப்பர் கொக்கிக் கம்பியோடு பின்னால் நிற்பான். முன்னால் நடந்து வந்து தன் பூட்டை மாட்டிவிட்டு மறுபடி பின்னால் போக வேண்டும். "என் பூட்டுல போ" என்று டை செட்டர் குரல் கொடுத்தால் அப்படியே இறங்கிவிடுவான். எங்கள் ஷாப்பில் அது ஒரு மரியாதை. இன்னொருவன் பூட்டில் இறங்குகிறான் என்றால் அவனை நம்புகிறான் என்று அர்த்தம். யாராவது தன் பூட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு வந்தால், "இன்னாபா, என் மேல டவுட்டா?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குக் கூச்சப்பட்டே புது ஆட்கள் பூட்டைத் தொட மாட்டார்கள்.

பேச்சியம்மாள் மேடம் ஷிஃப்ட் இன்சார்ஜாக வந்தபோது அவருக்கு முப்பது வயது இருக்கும். எனக்கு ஐம்பது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பிரஸ் ஷாப்பில் கத்தாமல் பேச முடியாது என்பது எங்கள் எண்ணம். அவர் கத்தியதே இல்லை. கையைத் தூக்கி "இருங்க" என்று காட்டுவார். பிரஸ் ஒரு அடி அடித்து, அடுத்த அடி விழுவதற்குள் இருக்கிற இடைவெளியில் ஒரு வாக்கியம் சொல்வார். அடி விழும். காத்திருப்பார். அப்புறம் அடுத்த வாக்கியம். அவரோடு பேசிவிட்டு வந்தால் நம் பேச்சும் கொஞ்ச நேரம் அதே தாளத்தில் வரும்.

அவர் வந்த புதிதில் ஒரு நாள் இரண்டாம் நம்பரில் டை இறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நம்பரில் கூப்பிட்டார்கள். போய் சென்சாரைச் சரிசெய்துவிட்டு உடனே இரண்டுக்குத் திரும்பினேன். நாலு போல்ட்டில் மூன்றுதான் இறுக்கியிருந்தேன். நாலாவதை நன்றாகப் பார்த்தேன், இறுகியிருப்பதாகவே தெரிந்தது. ஓட்டியதும் டை ஒரு விரற்கடை நகர்ந்து விளிம்பு நொறுங்கிவிட்டது.

மேடம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"இதுக்கு முன்ன எங்க இருந்தீங்கண்ணே?"

"மூணுல மேடம்."

அடி விழுந்தது. காத்திருந்தார்.

"அதுக்கு முன்ன?"

"இங்கதான். ரெண்டுல."

சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஏகாம்பரம் எட்டிப் பார்த்தான். "இன்னா வரதா, கோர்ட்டுல கேக்கற மாரி கேட்டுட்டு போவுது."

யார் தப்பு செய்தாலும் இந்த இரண்டு கேள்விதான். ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் டீ நேரத்தில் எங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் ஒண்ணு பாத்தேன். புதுசா ஒரு மிஷினுக்குப் போறவங்க அவ்வளவா தப்பு செய்யல. விட்டுட்டு வந்த மிஷினுக்கு உடனே திரும்புதவங்கதான் செய்யுதாங்க. இப்பதானே கையில இருந்துச்சு, லேசா இருக்கும்னு நினைக்கோம். அப்படி இல்ல. ஒரு வேலைய விட்டு இன்னொண்ணுக்கு மனசு போகணும்னா, பழசு குறுக்க வராம அதை அமுக்கி வைக்கணும். அமுக்குனது எழும்புறதுக்கு நேரம் வேணும். அதுக்குள்ள திரும்பிட்டீங்கன்னா கண்ணு பாக்கும், கை செய்யும், வேலை மட்டும் உள்ள இருக்காது."

"மறதிதானே மேடம்" என்றான் ஒருவன்.

"மறதின்னா அழிஞ்சு போறது. இது அங்கனதான் கிடக்கு. நாமளே அதுக்கு மேல உக்காந்திருக்கோம்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவரே ஒரு வழி சொன்னார். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால், அடுத்து நாலைப் பார்த்துவிட்டு அப்புறம் இரண்டுக்கு வா. அதற்கு வழியில்லாமல் விட்டு வந்ததற்கே திரும்ப வேண்டியிருந்தால், கை வைக்கும் முன் மிஷினை ஒரு சுற்று சுற்றி வா. இது பூட்டு, இது முட்டு, இது குழி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வா.

"தேங்கா பூ பழம் வெச்சி சுத்தணுமா மேடம், சும்மா சுத்துனா போதுமா?" என்றான் ஏகாம்பரம். எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் பெருமாள் மலையைக் குடைந்த கோயிலில் இருக்கிறார். அவரை வலம் வர வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். சனிக்கிழமை தவறாமல் சுற்றுகிறவன் நான். அந்தக் காலால் எண்ணெய் வழிகிற இரும்பைச் சுற்றுவதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சாமியைத் தவிர எதையும் சுத்த மாட்டேன் மேடம்."

"சாமியா நினைக்க வேண்டாம்ணே. பின்பக்கம் என்ன இருக்குன்னு பாக்கத்தான்."

"எனக்குப் பின்பக்கம் தெரியும் மேடம்."

அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மற்றவர்கள் சுற்ற ஆரம்பித்தார்கள். ஏகாம்பரம் என்னைப் பார்த்துக்கொண்டே கை கூப்பிச் சுற்றுவான்.

அன்று முற்பகல். கூரைத் தகட்டுக்கு நடுவே இருக்கிற கண்ணாடி வழியாக வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. மூன்றாம் நம்பருக்கு அன்று வேலை இல்லை, நின்றிருந்தது. நாலாம் நம்பர் குழியில் தகடு அடைத்துக்கொண்டது. தலையை நிறுத்தி முட்டு கொடுத்து மெயினை அணைத்தேன் என்பது வரை எனக்கு அப்போதே நினைவிருந்தது. இரண்டாம் நம்பரில் கூப்பிட்டார்கள். கிரேனில் தூக்கிய டை சங்கிலியில் கோணிக்கொண்டு ஆடியது. இரண்டு டன். இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறார்கள். அதை உட்கார வைக்க இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்தில் உலகத்தில் அந்த டையும் நானும் சங்கிலியும்தான். உட்கார்ந்ததும் கையைத் துடைத்தேன். நாலாம் நம்பரில் லைன் லீடர் தூரத்திலிருந்து கட்டை விரலை ஆட்டி, ரெடியா என்று கேட்டார்.

அதற்கு அடுத்து எனக்குத் தெரிந்தது சத்தம். பெல்ட் எதையோ விழுங்க முடியாமல் திணறுகிற சத்தம். நாலாம் நம்பர் முன்னால் நான் நிற்கிறேன். என் விரல் ஸ்டார்ட் பொத்தானின் மேல் இருக்கிறது.

நான்தான் நிறுத்தினேன். நான்தான் பின்னால் ஓடினேன். இடது கை முழங்கை வரை பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் போயிருந்தது. ஏகாம்பரம் கத்தவில்லை. "பெல்ட்ட லூஸ் பண்ணு வரதா, பெல்ட்ட லூஸ் பண்ணு" என்று வேலை சொல்கிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான். கையை வெட்டாமல் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அந்த விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. ஏ.சி. அறை, நீள மேசை. பெர்சனல் ஆபீசர், சேஃப்டி ஆபீசர், பேச்சியம்மாள் மேடம். அங்கே பிரஸ் சத்தம் இல்லை. இருந்தும் மேடம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அடி விழுவதற்குக் காத்திருப்பது போல நிறுத்தினார்.

"இதுக்கு முன்ன எங்க இருந்தீங்கண்ணே?"

"ரெண்டுல."

"அதுக்கு முன்ன?"

"நாலுல."

அவர் பேனா நின்றது. "திரும்பி வந்தப்ப மெயின்ல பூட்டு தொங்குச்சா?"

கண்ணை மூடிப் பார்த்தேன். மெயின் கைப்பிடி தெரிந்தது. வெறும் கைப்பிடி. என் பூட்டு, எல்லோருடைய பூட்டும் மாட்டியிருக்கிற பலகையில், அதன் ஆணியில் இருந்ததாக சேஃப்டி ஆபீசரும் எழுதியிருந்தார்.

"இல்ல மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பெருமாள் மேல சத்தியமா இல்ல மேடம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது அதுதான் எனக்கு உண்மை. ஆஸ்பத்திரியில் ஏகாம்பரம், "வரதன் பூட்டுலதான் போனேன்" என்று சொல்லியிருந்தான். அவன் எதற்கெடுத்தாலும் ஜோக் அடிக்கிறவன். நான் நாமம் போட்டுக்கொண்டு சத்தியம் செய்கிறவன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நாமத்தை நம்பினார்கள்.

ஒன்பதாம் நாள் காலை என் மனைவி துணி ஊறப்போட யூனிஃபார்மை எடுத்தாள். அன்றைக்குப் போட்டிருந்தது. ரத்தக் கறையென்று மூலையில் சுருட்டி வைத்திருந்தேன்.

"ஏங்க, பையில உங்க போட்டோ கெடக்குது."

சிவப்பு அட்டை. திருப்பினேன். பின்னால் மார்க்கரில் என் கையெழுத்து: ஏகா. கீழே. 11.10.

பூஜை அறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழும்பும் என்று மேடம் சொன்னாரே, அது அப்போது எழும்பியது.

நாலாம் நம்பர் முன்னால் வந்து நிற்கிறேன். எல்லாம் அதன் அதன் இடத்தில் இருக்கிறது, ஆனால் வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. சத்தமெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிறது. மெயின் கைப்பிடியில் ஒரு பூட்டு தொங்குகிறது. அதில் சிவப்பு அட்டை. அட்டையில் ஒரு ஆள், நெற்றியில் நாமத்தோடு. யாரோ ஒருவர் என்று நினைக்கிறேன். பார்த்த முகம் என்றுகூடத் தோன்றவில்லை. பின்னால் எழுதியிருப்பதை வாசிக்கிறேன். ஏகா. கீழே. எழுத்து எழுத்தாகத் தெரிகிறது, அர்த்தமாக ஆகவில்லை. கை தானாகப் பைக்குள் போகிறது, சாவியை எடுக்கிறது. சாவி பொருந்துகிறது. இந்த ஆளின் சாவி என்னிடம் எப்படி வந்தது என்று கேட்க எனக்குள் அப்போது யாரும் இல்லை. பூட்டை எடுத்துப்போய்ப் பலகையில் அதன் ஆணியில் ஒழுங்காக மாட்டுகிறேன். அட்டையைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைக்கிறேன். தலைக்குக் கொடுத்த முட்டுக்கட்டையை எடுக்கிறேன். மெயினைப் போடுகிறேன். எல்லாம் முறைப்படி.

பிரஸ்ஸைச் சுற்றி வந்திருந்தால் பத்து தப்படி. பின்னால் குழியின் வாயில் அவனுடைய கொக்கிக் கம்பி சாய்ந்திருந்தது. அவன் ஹெல்மெட் கழற்றி வைத்திருந்தது.

ஏகாம்பரத்தை வேலையை விட்டு எடுக்கும் ஆர்டர் அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. பூட்டு மாட்டாமல், யாரிடமும் சொல்லாமல், தானாகக் குழியில் இறங்கியதாக அதில் எழுதியிருந்தார்கள். அட்டை கையில் கிடைத்த பிறகு எனக்கு இரண்டு முழு நாள் இருந்தது. இரண்டு நாளும் வேலைக்குப் போனேன். இரண்டு நாளும் மேடம் என்னைக் கடந்து போனார். நான் வாயைத் திறக்கவில்லை. விசாரணையில் சொன்னதைப் பெருமாள் மன்னிப்பார், எனக்குத் தெரியாமல் சொன்னது. அந்த இரண்டு நாளும் எனக்குத் தெரியும். அட்டையைப் பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

எங்கள் கோயிலில் பெருமாளுக்கு நெற்றிக்கண் உண்டு. தீபாராதனையின் போது பட்டர் நாமத்தைத் தூக்கி அந்தக் கண்ணைக் காட்டுவார். எல்லோரும் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். ஒன்பது வருஷம் நான் அந்த நேரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் ஷாப்பின் முறையை மாற்றினார். அடுத்தவர் பூட்டில் இறங்குகிற பழக்கம் அன்றோடு முடிந்தது. ஒவ்வொரு பிரஸ்ஸையும் சுற்றித் தரையில் மஞ்சள் பாதம் வரையச் சொன்னார். இப்போது இருப்பவர்கள் அதைத் தீ விபத்து வழி என்று நினைக்கிறார்களாம். நான் ரிட்டயர் ஆகும் வரை அந்தப் பாதங்களின் மேல் நடந்தேன், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. மேடம் வேறு ஊர் பிளான்ட்டுக்கு மாறிப் போகிற நாளில் நாலாம் நம்பர் பக்கத்தில் என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணே, விசாரணையில நீங்க சொன்னது பொய் இல்லன்னு எனக்குத் தெரியும்."

அடி விழுந்தது.

"அதுக்கு அப்புறம் ஒண்ணும் சொல்லாம இருக்கீங்களே."

அடி விழுந்தது.

"அது என்னன்னு உங்களுக்குத்தான் தெரியும். வாரேன்."

ரிட்டயர் ஆனால் விட்டுவிடும் என்று நினைத்தேன். காலையில் நூற்றெட்டு தடவை பெருமாள் நாமம் சொல்கிறவன் நான். நடுவில் பால்காரர் கூப்பிடுவார். போய்ப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வந்து உட்காருவேன். நாமம் வராது. நாற்பது வருஷமாகச் சொன்ன நாமம். நாக்கு நுனியில்கூட இருக்காது. யாரோ அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. பிறகு கை விலகும், நாமம் வரும். பெருமாள் பெயரையே அமுக்கி வைக்கிற ஒன்று எனக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் அவர் கொடுத்ததுதான், அது இல்லாவிட்டால் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலை செய்ய முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இருந்தும் அந்த இரண்டு மூச்சு நேரம் விளக்கைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

சுகுணா போன் செய்த மறுநாளிலிருந்து எழுத ஆரம்பித்தேன். இதுவரை நீங்கள் படித்ததை எழுதி முடித்ததும், அட்டையையும் எடுத்துக்கொண்டு ஏகாம்பரத்திடம் போனேன்.

அவன் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் டூவீலர் ஸ்டாண்டு பார்த்துக்கொள்கிறான். வலது கையால் டோக்கன் கிழித்து, மடங்காத இடது கையின் கீழ் அடிக்கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொள்வான். நான் என் வண்டியை ஒன்பது வருஷமாகத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா வரதா, வழி தெரியாம வந்துட்டியா?"

அட்டையை அவன் மேசையில் வைத்தேன். போட்டோவைப் பார்த்தான். "அப்ப தல நெறைய முடி இருந்துச்சு உனுக்கு" என்றான். பின்னால் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னான். படித்தேன். அப்புறம் இந்தக் காகிதங்களை முதலிலிருந்து படித்துக் காட்டினேன். டோக்கன் கொடுத்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும் நான் குனிந்து அவன் காலைத் தொடப் போனேன்.

"எந்திரி. வண்டி எடுக்க ஆளு நிக்குது பாரு."

வந்தவரிடம் டோக்கனை வாங்கிப் பார்த்து அனுப்பினான்.

"ஒண்ணு வுட்டுட்ட" என்றான்.

"இன்னா ஏகா?"

"பூட்டு கழட்டுற சத்தம் கீழ எனுக்கு கேட்டுச்சு. நான் 'வரதா'ன்னு கூப்ட்டேன்."

"எனக்குக் கேக்கல ஏகா. அந்தச் சத்தத்துல..."

"கேட்டுச்சு. பதில் சொன்ன."

"இன்னா சொன்னேன்?"

"'இரு ஏகா, தோ வந்துட்டேன்'னு சொன்ன. உன் கொரலுதான். டெய்லி ஆட்டோவுல பேசுற கொரலு. சரி, வர்றான்னு நான் கையை எடுக்காம வெச்சிக்கினு இருந்தேன். அப்பறம்தான் பெல்ட்டு ஓடுச்சு."

அட்டையைப் பார்த்ததும் எல்லாம் எழும்பிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இது எழும்பவில்லை. இன்று வரை எழும்பவில்லை. பதில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. குரல் என்னுடையது என்று கேட்டவன் சொல்கிறான்.

"ஏன் ஏகா இத்த யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? ஆளு உள்ள கீறான்னு தெரிஞ்சே போட்டான்னு ஆவும். உன்ன ஜெயில்ல போடுவாங்க. அந்தக் கொரல கேட்டவன் நான். அது கெட்டவன் கொரலு இல்ல. அத்தப் போய் அந்த ஏ.சி. ரூம்ல யாருக்கு வெளக்கறது?"

ஒரு டோக்கனைக் கிழித்து ஒருவரிடம் கொடுத்தான்.

"ஆனா நீ வருவேன்னு பாத்தேன். மொத வருசம் டெய்லி ரோட்டையே பாத்துக்கினு இருந்தேன். அப்பறம் வுட்டுட்டேன்."

இந்தக் காகிதங்களைக் காட்டி, இதைக் கம்பெனிக்கும் ஷாப்பில் இருப்பவர்களுக்கும் கொடுக்கப் போகிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

"குடு. எழுதறத ஒழுங்கா எழுது. நானும் என் பூட்ட எடுத்தாந்து மாட்டல, அத்தயும் போடு. கூப்ட்டதையும் போடு, நீ பதில் சொன்னதையும் போடு. என்னிய பாவம்னு எழுதாத. பேயின்னும் எழுதாத. என் பசங்க படிக்கணும். எங்கப்பன் சொல்லாம கொள்ளாம குழியில எறங்குன ஆளுன்னுதான் இத்தினி நாளா நெனச்சிக்கினு கீதுங்க."

அவன் சொன்னதைச் சேர்த்து எழுதிவிட்டேன். அட்டையையும் ஒரு பிரதியையும் கம்பெனியில் நேரில் போய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்னும் பதில் வரவில்லை. ஜெயில் என்றால் ஜெயில், அது என்னுடையது.

சுகுணா, இதை லைனில் எல்லோருக்கும் படித்துக் காட்டு. படித்தவர்கள் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது என்னை நல்லவனாக ஆக்க வேண்டாம், கெட்டவனாகவும் ஆக்க வேண்டாம். ஏகாம்பரத்துக்காகக் கண்ணீர் எதுவும் சேர்க்க வேண்டாம். நீளமாக இருக்கிறது என்று நடுவில் வெட்டவும் வேண்டாம். முழுவதும் அனுப்ப முடியாதவர்கள் இதை மட்டுமாவது, ஒரு சொல்லும் மாற்றாமல், இதே வரிசையில் சொல்லுங்கள்.

ஏகாம்பரம் என் பூட்டில் இறங்கினான். பூட்டு மெயினில் தொங்கியது. அவன் உள்ளே இருப்பதை என் கையே அட்டையில் எழுதியிருந்தது. அவன் என்னைக் கூப்பிட்டான். நான் பதில் சொன்னேன். பிறகு ஸ்டார்ட்டை அமுக்கினேன்.